சம்மதத்தின் விலை: கரிசல் வட்டாரத் தீப்பெட்டித் தொழிலும் பெற்றோர் உரிமையின் எல்லையும்

கேள்வி

குழந்தையின் உரிமையும் பெற்றோரின் உரிமையும் மோதும் இடம் என்றதும் குடும்ப நீதிமன்றம்தான் நினைவுக்கு வருகிறது. மணமுறிவு கேட்கும் கணவன் மனைவி, பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கு, வாரத்துக்கு ஒருநாள் பார்க்க அனுமதி. சட்டக் கல்லூரிப் பாடங்களும் தீர்ப்புத் தொகுப்புகளும் இந்த வரம்புக்குள்ளேயே நிற்கின்றன. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, எட்டயபுரம் என்று விரியும் மானாவாரிக் கரிசல் வட்டாரத்தில் அந்த மோதல் நடந்த இடம் வேறு. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே பல்லாயிரம் குழந்தைகளின் நாள் எப்படிக் கழியும் என்பதைத் தீர்மானித்தது, தாய்க்கும் தகப்பனுக்கும் இடையிலான வழக்கு அல்ல. ஆபீஸ் என்று இங்கே அழைக்கப்படும் தீப்பெட்டித் தொழிற்கூடத்தின் ஏஜண்டிடம் பெற்றோர் வாயால் சொன்ன ஒரு சம்மதம் அதைத் தீர்மானித்தது. அந்தச் சம்மதம் எந்த உரிமையின் பேரில் கொடுக்கப்பட்டது, சட்டம் அதை எப்படிப் பார்த்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோருக்குக் குழந்தைமேல் உள்ள அதிகாரம் குழந்தையின் நலனுக்காக ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. விலைக்குக் கொடுக்கக்கூடிய சொத்து அது அல்ல. கரிசல் வட்டாரத்தில் அந்த அதிகாரம் முன்பணத்துக்கு வாங்கப்பட்டது. வாங்கியவர் குடும்பத்துக்கு வெளியே நின்ற மூன்றாம் தரப்பு. சட்டமோ 1938 முதல் 2016 வரை அந்த மூன்றாம் தரப்பு குடும்பம் என்ற திரைக்குப் பின்னால் நிற்க இடம் கொடுத்தது. ஆகவே இங்கே குழந்தையின் உரிமையைக் காப்பது என்பது, பெற்றோரின் அதிகாரம் விலைபோகாமல் காப்பதும்தான்.

மழையும் முன்பணமும்

1922இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, அடுத்த ஆண்டு சிவகாசிக்குத் திரும்பிய வரலாறு பலரும் அறிந்தது. வறண்ட காற்றும் கூலிக்கு ஏங்கும் கைகளும் ஒருசேரக் கிடைத்த நிலம் இது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை முதல் பங்குனி வரை பருத்தி, கம்பு, உளுந்து, மிளகாய் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டால், அதன்பின் காட்டில் வேலை கிடையாது. மழை பொய்த்த வருடத்தில் அதுவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் முன்பணம் வந்தது. கலியாணச் செலவுக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய கடன், பிள்ளையின் வேலையில் கழிந்தது.

வேலை இரண்டு இடங்களில் நடந்தது. ஒன்று, ஆபீஸ். விடியுமுன் ஊர் ஊராக வந்த பேருந்துகள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய், இருட்டிய பிறகு இறக்கிவிட்டன. குச்சி அடுக்குவது, பெட்டி அடைப்பது, லேபிள் ஒட்டுவது என்று எல்லாமே எண்ணிக்கைக் கூலி. எத்தனை கட்டை அடுக்கினாயோ அத்தனைக்குத்தான் காசு. இன்னொன்று, வீடு. அட்டையும் தாளும் சாக்கில் வந்து இறங்கும். பசை காய்ச்சி, மேல்பெட்டியும் அடிப்பெட்டியும் ஒட்டி, காயவைத்து, எண்ணிக் கட்டிக் கொடுக்க வேண்டும். தாய் ஒட்ட, பக்கத்தில் உட்கார்ந்து மகளும் ஒட்டுவாள். பார்ப்பவர் கண்ணுக்கு இது வீட்டு வேலை. ஆனால் மறுநாள் எத்தனை குரோஸ் பெட்டி வேண்டும் என்று சொன்னவர் அந்த வீட்டில் இல்லை. கைவினைத் தீப்பெட்டிக்கும் சிறு கூடங்களுக்கும் கிடைத்த கலால் வரிச் சலுகை, தொழிலை மேலும் மேலும் சிறு துண்டுகளாக உடைக்கத் தூண்டியது. துண்டு சிறுத்துச் சிறுத்து வீட்டுத் திண்ணைவரை வந்து சேர்ந்தது.

இதன் அளவை அறிய இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1985 டிசம்பர் 31 நிலவரப்படி சிவகாசிப் பகுதியில் பதிவு பெற்ற 221 தீப்பெட்டித் தொழிற்சாலைகள், 27,338 தொழிலாளர்கள், அவர்களில் குழந்தைகள் 2,941 என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதே காலத்து ஆய்வெழுத்துகளில் இப்பகுதியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் ஏறத்தாழ 45,000 குழந்தைகள் என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது. பின்னது பட்டாசையும் சேர்த்த மதிப்பீடு என்பதால் இரண்டையும் நேராகக் கழித்துப் பார்க்க முடியாது. மதிப்பீட்டில் மிகை இருக்கலாம் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியும் இத்தனை பெரிய வேறுபாட்டுக்குப் பொய்க்கணக்கு மட்டும் காரணமாக இருக்க முடியாது. பதிவேடு தொழிற்சாலையின் வாசலோடு நின்றுவிட்டது. வாசலுக்கு வெளியே பதிவில்லாத கூடங்களிலும் வீடுகளிலும் இருந்த குழந்தைகள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அவர்களை எண்ண வேண்டிய கட்டாயத்தைச் சட்டமும் ஏற்படுத்தவில்லை.

நிலத்துக்கு ஒரு சட்டம், கைக்கு ஒரு சட்டம்

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவை இந்த இடத்தில் நிதானமாகப் படிக்க வேண்டும். இளவருக்குச் சொந்தமான நிலத்தையோ வீட்டையோ இயற்கைக் காப்பாளர், அவர் பெற்ற தகப்பனாகவே இருந்தாலும், நீதிமன்றத்தின் முன்அனுமதியில்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. குழந்தையின் அவசியத்துக்கோ தெளிவான நன்மைக்கோ என்றால்தான் அனுமதி. பெற்றோரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி ஒரு குறுக்கம் புஞ்சையைக்கூட ஒப்படைக்க முடியாது என்று குடும்பச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதே குழந்தையின் உழைப்பை அடகு வைப்பது பற்றி அந்தச் சட்டம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நிலமுள்ள குழந்தைக்குக் குடும்பச் சட்டத்தில் காவல் இருந்தது. கரிசல்காட்டில் நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சொத்து அதன் விரல்கள் மட்டுமே; அதற்குக் குடும்பச் சட்டத்தில் இடமில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்ப வேறொரு சட்டம் இருந்தது என்று சொல்லலாம். இந்தியத் தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷனின் 1931 அறிக்கையை அடுத்து, 1933இல் குழந்தை உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 15 வயதுக்குட்பட்ட குழந்தையின் உழைப்பை முன்பணத்துக்கு ஈடாக வைக்கும் ஒப்பந்தம் செல்லாது. செய்துகொள்ளும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம், பெற்றோருடன் ஒப்பந்தம் செய்தவருக்கும் வேலைக்கு வைத்தவருக்கும் 200 ரூபாய் வரை. சம்மதத்தை விலைக்கு வாங்கியவரையே முதன்மைக் குற்றவாளியாகக் கண்ட விதத்தில் இந்தச் சிறிய சட்டம் தன் காலத்தை முந்தியது என்பது என் மதிப்பீடு. பெற்றோரின் அதிகாரம் ஒப்பந்தப் பொருளாக முடியாது என்ற கொள்கை அதில் இருந்தது. 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் முன்னோர் வாங்கிய கடனுக்கு வாரிசு உழைப்பதைக் கொத்தடிமைத்தனத்தின் வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆனால் ஏஜண்டின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் வாய்வழி ஒப்பந்தத்தை யார் நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவது? சொல்ல வேண்டிய பெற்றோரே அபராதத்துக்குரியவர்கள். குழந்தைக்கோ தனியாக வழக்காடும் தகுதி இல்லை. அதற்காக வழக்காட வேண்டிய காப்பாளர் அதே பெற்றோர்.

குடும்பம் என்ற விலக்கு

1938ஆம் ஆண்டின் குழந்தைகள் வேலைவாய்ப்புச் சட்டம் தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசு உற்பத்தியைத் தன் அட்டவணையில் சேர்த்து, 12 வயதுக்குட்பட்டோரை அவற்றில் ஈடுபடுத்தத் தடை விதித்தது. கூடவே ஒரு விலக்கு: கூலியாள் வைக்காமல் குடும்பத்தினர் உதவியோடு மட்டும் நடக்கும் பட்டறைக்குத் தடை பொருந்தாது. 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வயது வரம்பை 14 என்று வைத்தது. குடும்பப் பட்டறைக்கான விலக்கையும் வைத்துக்கொண்டது. அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு 14 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையையும் தொழிற்சாலையிலோ அபாயகரமான வேலையிலோ அமர்த்தக் கூடாது என்று சொல்லி முப்பத்தாறு ஆண்டுகள் கடந்த பிறகும், அதே அபாயகரமான வேலை தகப்பன் நடத்தும் கூடமென்றால் சட்டப்படி செல்லுபடியானது.

இந்த விலக்கின் அடியில் இருப்பது மரியாதைக்குரிய ஓர் எண்ணம்தான்: பெற்றோர் தம் பிள்ளைக்குத் தீங்கு நினைக்க மாட்டார்கள், ஆகவே வீட்டுக்குள் அரசு மூக்கை நுழைக்க வேண்டியதில்லை. கரிசல் வட்டாரத்துப் பெற்றோரும் தீங்கு நினைக்கவில்லை. அந்த எண்ணம் இங்கே பொய்த்துப்போனதற்குக் காரணம் அவர்கள் மனத்தில் இல்லை. வேலையின் வேகத்தை நிர்ணயித்தவர் அவர்கள் இல்லை என்பதில் இருக்கிறது. ஒரு வேலை குடும்ப வேலையா என்று அறிய உறவுமுறையைக் கேட்பது போதாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ நாளைக்குப் பரீட்சை என்றாலோ இன்றைய வேலையை நிறுத்தப் பெற்றோரால் முடியுமா என்று கேட்க வேண்டும். பருத்தி எடுக்கவோ ஆடு பத்தவோ கூடப் போகும் பிள்ளையின் விஷயத்தில் பெரும்பாலும் முடியும் என்பதே பதில். முன்பணம் வாங்கிய வீட்டில் முடியாது. அதை நிறுத்தும் அதிகாரம் ஏற்கெனவே கைமாறிவிட்டது.

2016இல் வந்த திருத்தம் அபாயகரமான வேலைகளுக்குக் குடும்ப விலக்கு இல்லை என்றாக்கியது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் மற்ற வேலைகளில் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குழந்தை குடும்பத்துக்கு உதவலாம் என்று அனுமதித்து, குடும்பம் என்பதில் பெற்றோர், உடன்பிறந்தாரோடு அத்தை, சித்தப்பா, மாமா, சித்தி என அனைவரையும் சேர்த்தது. வெளியாட்களை வைத்து நடத்தும் தொழிலும் ‘குடும்பத் தொழில்’ என்ற வரையறைக்குள் வருகிறது. 1938இல் கூலியாள் இல்லாத பட்டறைக்கு மட்டும் கிடைத்த விலக்கைவிட இது அகலமானது. நம் ஊர்களில் ஏஜண்டு பெரும்பாலும் அதே ஊர்க்காரர், பல வேளைகளில் சொந்தக்காரர். அவரை மாமா என்று அழைப்பதே சட்டத்துக்குப் போதுமான சான்றாகிவிடும் நிலை கவலைக்குரியது.

நீதிமன்றம் கண்டதும் விட்டதும்

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990 அக்டோபரில் அளித்த முதல் தீர்ப்பு, குழந்தைகளை உற்பத்தி இடத்திலிருந்து விலக்கி, பெட்டியடைக்கும் வேலையில் வைத்துக்கொள்ளலாம் என்றது. பெரியவர் கூலியில் 60 விழுக்காடு கூலியும், 50,000 ரூபாய்க்குக் காப்பீடும் வேண்டும் என்றது. குழந்தையின் பிஞ்சுக் கை அந்த வேலைக்கு ஏற்றது என்ற கருத்தையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முதலாளிகள் அதுவரை சொல்லிவந்த வாதம்தான் அது.

1996 டிசம்பர் 10 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், பி.எல். ஹன்சாரியா, எஸ்.பி. மஜ்முதார் அளித்த தீர்ப்பு முற்றிலும் வேறு திசையில் நடந்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாயை அதற்கென அமையும் நிதியத்தில் செலுத்த வேண்டும். அக்குழந்தையின் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும். முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்தத் தொகையின் வட்டி பெற்றோருக்குக் கிடைக்கும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் வேலையும் நிற்கும், பணமும் நிற்கும். இந்தத் தீர்ப்பைத் தொழிலாளர் சட்டத் தீர்ப்பாக மட்டுமே படிப்பது வழக்கம். குடும்பச் சட்டத் தீர்ப்பாகப் படித்தால்தான் அதன் புதுமை தெரிகிறது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவில்லை. பெற்றோரைச் சிறைக்கும் அனுப்பவில்லை. பிள்ளையின் உழைப்பை வாங்கியவரிடமிருந்து பணத்தை எடுத்து, பெற்றோர் தம் கடமையைச் செய்யும் நிலையை உண்டாக்க முயன்றது. பெற்றோர் உரிமை என்பது அரசிடமும் முதலாளியிடமும் கேட்கத்தக்க உரிமையாக முதன்முறை ஒரு வடிவம் பெற்றது இங்கேதான் என்று கருதுகிறேன்.

வடிவம் சரி, அளவு போதவில்லை. 25,000 ரூபாய்க்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டி என்று வைத்தாலும் மாதம் 208 ரூபாய்தான் தேறும். மேலும், முதலாளியிடம் பணம் வசூலிக்க அவர் முதலாளி என்று நிறுவ வேண்டும். வீட்டில் பெட்டி ஒட்டும் குழந்தைக்கு முதலாளி யார்? அபாயம் குறைந்த வேலைகளில் நாளுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் உழைப்பையும் இரண்டு மணி நேரம் படிப்பையும் தீர்ப்பு அனுமதித்தது. ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வேலையை நகர்த்த ஏற்கெனவே இருந்த காரணங்களோடு இன்னொன்றும் சேர்ந்தது.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிரான முதல் மறுப்பு வறுமை. பிள்ளையின் கூலி இல்லாவிட்டால் அடுப்பெரியாது; அதைத் தடுப்பது குடும்பத்தின் பிழைக்கும் உரிமையையே பறிப்பது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் எண்ணிக்கைக் கூலியில் தாயும் மகளும் சேர்ந்து ஒட்டியும் ஓராள் கூலிதான் தேறும் என்றால், மகளின் உழைப்பு குடும்பத்தின் வருமானத்தைக் கூட்டவில்லை. தாயின் கூலி உயராமல் பிடித்து வைத்தது. அரசியல் அறிஞர் மைரன் வைனர் 1991இல் வெளியிட்ட ‘இந்தியாவில் குழந்தையும் அரசும்’ நூலில், கட்டாயக் கல்வி வராததற்கு வறுமையைவிட, உழைக்கப் பிறந்த பிள்ளைகள் உண்டு என்ற ஆள்வோர் நம்பிக்கையே காரணம் என்று வாதிட்டார். அவர் சொன்னதை முழுதாக ஏற்பதற்குத் தயக்கம் உண்டு. காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை 1956இல் இதே வட்டாரத்து எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். பிள்ளைக்கு ஒருவேளைச் சோற்றை அரசு ஏற்றால் பெற்றோரின் முடிவு மாறும் என்று அறிந்த ஆட்சி இங்கே இருந்தது. 1982இல் அது சத்துணவாக விரிந்தது. அப்படியிருந்தும் அதே எண்பதுகளில் அதே மண்ணில் விடியுமுன் பேருந்துகள் பிள்ளைகளை அள்ளிச் சென்றன. சோறு மட்டும் போதவில்லை. முன்பணக் கடனுக்கு எதிராகச் சோற்றுக்கு வலு இல்லை.

இரண்டாவது மறுப்பு, அரசு வீட்டுக்குள் நுழைவதன் ஆபத்து. இதில் எனக்குப் பெருமளவு உடன்பாடு. 2015இன் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, சட்டத்துக்கு மாறாக வேலை செய்யும் குழந்தை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை; குழந்தைகள் நலக் குழு அதை இல்லத்துக்கு அனுப்பலாம். இல்லம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று அச்சட்டமே கொள்கை வகுத்திருந்தாலும், நிலமற்ற தலித் குடும்பத்தின் கதவை அரசு தட்டும் விதமும் மற்றக் கதவுகளைத் தட்டும் விதமும் ஒன்றாக இருப்பதில்லை. பெற்றோரின் முதல் குற்றத்துக்குத் தண்டனை இல்லை, மீண்டும் செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 2016 திருத்தம் வரையறுத்தது. முதல் பாதி நியாயம். இரண்டாம் பாதி, அபராதம் கட்ட இன்னொரு முன்பணம் வாங்க வைக்கும். விசாரணை வீட்டு வாசலில் தொடங்காமல் ஏஜண்டின் சரக்குக் கணக்கில் தொடங்கினால் குடும்பத்தின் தனிமையும் காக்கப்படும், குழந்தையும் காக்கப்படும்.

மூன்றாவது மறுப்பு கொள்கை சார்ந்தது: பிள்ளையின் நலன் எது என்று தீர்மானிப்பது பெற்றோரின் அடிப்படை உரிமை அல்லவா? உலக நீதிமன்றங்கள் இதை நெடுங்காலமாக எதிர்கொண்டு வந்திருக்கின்றன. 1944இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரின்ஸ் வழக்கில், தன் பொறுப்பில் இருந்த ஒன்பது வயதுச் சிறுமியைத் தெருவில் மதப் பத்திரிகை விற்க அழைத்துச் சென்ற காப்பாளரின் மத உரிமையைவிடக் குழந்தை உழைப்புத் தடையே மேலானது என்றது. நம் நாட்டில், சென்னையிலிருந்து சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளோ விளையாட்டுப் பொருள்களோ அல்ல என்ற கருத்தை நிலைநாட்டியது. காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவு குழந்தையின் நலனையே தலையாயதாக வைக்கிறது. அந்த அளவுகோலைப் பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கில் மட்டும் எடுத்து நீட்டிவிட்டு, யாருக்காக உழைப்பது என்ற இடத்தில் மடக்கி வைத்துக்கொண்டோம்.

வீட்டுக்குள் யார் சொல்

பெற்றோர் என்று ஒருமையாகப் பேசுவதிலும் ஒரு பிழை இருக்கிறது. தீப்பெட்டி வேலைக்குப் போன குழந்தைகளில் பெண்பிள்ளைகளே மிகுதி. மகன் பள்ளிக்கும் மகள் ஆபீஸுக்கும் போன வீடுகளில், மகனின் படிப்புச் செலவில் மகளின் கூலியும் கலந்திருந்தது. 1956 சட்டப்படி இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பின் தாய். ஐந்து வயது நிரம்பாத குழந்தை மட்டும் வழக்கமாகத் தாயின் வசம். பிள்ளை பள்ளிக்கும் வேலைக்கும் தகுதிபெறத் தொடங்கும் வயதில் சட்டத்தின் பார்வையில் தாயின் பிடி தளர்ந்தது. கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல்தான், தகப்பன் உயிரோடிருந்தும் பொறுப்பேற்காதபோது தாயே காப்பாளராகலாம் என்று அந்த விதி விளக்கம் பெற்றது. கரிசல் வட்டாரத்தில் மகளைப் பள்ளிக்கு அனுப்ப விரும்பிய தாய்க்கு, கணவன் வாங்கிய முன்பணத்தை எதிர்த்து நிற்க அதுவரை குடும்பச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளின் நிலை பற்றியே ‘கருவேலம் பூக்கள்’ படத்தை எடுத்தார். இந்த வீட்டு அரசியலைப் புள்ளிவிவரங்கள் சொல்லாத இடத்தில் கலை பேச வேண்டியிருந்தது.

பதினான்குக்குப் பிறகு

எந்திரங்கள் வந்ததாலும், 2002இல் அரசியலமைப்பில் சேர்ந்த 21ஏ பிரிவாலும் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தாலும், தீப்பெட்டி ஆபீஸில் சிறுபிள்ளைகளைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. கேள்வி அதோடு தீரவில்லை. வயது மேலே நகர்ந்திருக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து கொங்குப் பகுதி நூற்பாலைகளுக்குப் பதின்பருவப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில், முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி அழைத்துச் சென்ற ‘சுமங்கலித் திட்டம்’, முன்பணத்தைத் தலைகீழாகத் திருப்பிய வடிவம். அங்கே கடன் முதலில் வந்தது. இங்கே கூலி கடைசியில் வருகிறது. இரண்டிலும் வேலைக்குப் போகிறவளிடம் யாரும் கேட்பதில்லை, ஏஜண்டு பேசுவது பெற்றோரிடம்தான்.

15 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்குக் கட்டாயக் கல்வியின் காவலும் இல்லை, வயது வந்தோரின் ஒப்பந்த உரிமையும் இல்லை. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1985இல் கில்லிக் வழக்கில், பிள்ளையின் புரிதல் வளர வளரப் பெற்றோரின் அதிகாரம் சுருங்குகிறது என்று தீர்ப்பளித்தது. 1992இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 5ஆம் பிரிவும் பெற்றோரின் வழிகாட்டலைப் பிள்ளையின் வளரும் திறனோடு இணைத்தே அங்கீகரிக்கிறது. நம் காப்பாளர் சட்டத்தில் இந்தப் படிநிலை இல்லை. பதினெட்டாம் பிறந்தநாள்வரை அதிகாரம் முழுதாக இருந்து, அன்றைக்கு ஒரேயடியாக விலகுகிறது. இளவரின் நிலத்துக்கு 8ஆம் பிரிவு வைத்திருக்கும் அதே நிபந்தனையை அவரது உழைப்புக்கும் வைப்பது சட்டத்துக்குக் கடினமான காரியம் அல்ல: ஊரை விட்டு வெளியே தங்கிச் செய்யும் வேலைக்கோ, முன்பணமோ கடைசித் தொகையோ கொண்ட ஒப்பந்தத்துக்கோ, பெற்றோரின் கையெழுத்து மட்டும் செல்லாது, குழந்தைகள் நலக் குழுவின் முன் அந்தப் பெண்ணைத் தனியாகக் கேட்டறிந்த பிறகே செல்லும், மீறினால் ஒப்பந்தம் ரத்தாகி, கொடுத்த முன்பணம் திரும்பக் கேட்க முடியாத பணமாகும். கடைசிப் பகுதியே முக்கியம். சம்மதத்தை வாங்கியவர் கொடுத்த முன்பணத்தையே இழப்பார் என்ற விதி 1933இல் இருந்திருந்தால், கரிசல்காட்டுப் பெற்றோரின் வாய்ச்சொல்லுக்கு யாரும் முன்பணம் நீட்டியிருக்க மாட்டார்கள்.